கருவாட்டு வண்டியும் பிச்சிப்பூக் கூடையும்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் சீனாவின் முதல் பேரரசருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். சின் வம்சம், பெருஞ்சுவர், சுடுமண் சிப்பாய்கள், அவ்வளவுதான். அதை வாசித்து அடிக்கோடு போடச் சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை நான். மத்தியானச் சோறு தின்ற பிள்ளைகளை உறங்கவிடாமல் வைத்திருக்க எனக்குத் தெரிந்த வழி, அந்த மனுஷன் எப்படிச் செத்தார் என்ற கதையை எடுத்துவிடுவதுதான்.

சாகாமல் இருக்க மருந்து வேண்டும் என்று கடலெல்லாம் கப்பல் அனுப்பித் தேடின ஆள். கடைசியில் ஊர் சுற்றப் போன இடத்தில், நல்ல வெயில் காலத்தில், தலைநகரத்துக்கு வெகு தூரத்தில் செத்துப்போனார். விஷயம் வெளியே தெரிந்தால் ராஜ்யம் கலங்கிவிடும். கூட இருந்த மந்திரி, ஒரு அந்தப்புர அதிகாரி, பேரரசரின் இளைய மகன், மூன்று பேரும் கூடிப் பேசி மறைத்துவிட்டார்கள். மூடின வண்டிக்குள் பிணம். வேளை தவறாமல் உள்ளே சாப்பாடு போகும். அதிகாரிகள் வெளியே நின்று பணிவாக விஷயத்தைச் சொல்வார்கள், உள்ளே ஒளிந்திருக்கிறவன் பேரரசர் பேரில் பதில் சொல்வான். வெயிலில் நாற்றம் எடுக்கத் தொடங்கியதும் பக்கத்து வண்டிகளில் கருவாட்டை ஏற்றச் சொன்னார்கள். எது எதனுடைய நாற்றம் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

என் பள்ளிக்கூடம் மணவாளக்குறிச்சிப் பக்கம். பாதிப் பிள்ளைகள் கடற்கரைப் பிள்ளைகள். கருவாடு என்று சொன்னதும் வகுப்பே எழும்பிவிடும். நெத்தோலியா சாளையா டீச்சர் என்று ஒருத்தி கேட்பாள். வாளைக் கருவாடாக இருந்தால் செத்தவனே எழும்பிச் சோறு கேட்டிருப்பான் என்று பின்வரிசையில் ஒருத்தன் சொல்வான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மணி அடிக்கிற அவசரத்தில் மிச்சக் கதையைச் சொல்லி முடிப்பேன். பேரரசரின் மூத்த மகன் அப்போது வடக்கு எல்லையில் சுவர் கட்டுகிற இடத்தில் இருந்தான். நியாயமாக அவன்தான் பட்டத்துக்கு வரவேண்டும். அவன் வந்தால் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று இந்த மூன்று பேரும் செத்தவர் பேரில் ஒரு ஆணை எழுதி அனுப்பினார்கள். நீ செத்துப்போ என்பதுதான் ஆணை. பக்கத்தில் இருந்த தளபதி, இது உண்மைதானா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று எவ்வளவோ சொன்னார். அப்பா சொன்ன பிறகு திருப்பிக் கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் தன்னை மாய்த்துக்கொண்டான். இந்த இடத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் அதற்குள் மணி அடித்துவிடும்.

எங்கள் வீடு தோவாளைக்குப் பக்கத்தில், நாலு புறமும் வயல். மாமனார் வெள்ளாமைக்காரர், மாமியார் போய் வெகு காலமாகிறது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு மாமாவுக்கு நாக்கும் குழறிவிட்டது. அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும். நான் அவரைத் தாங்கித் தாங்கிப் பார்த்த உத்தமி மருமகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கஞ்சியில் உப்பு இல்லை என்று அவர் தட்டைத் தள்ளினால், அப்படியானால் எழும்பிப் போய் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அவர் ஒரு பக்க வாயால் சிரிப்பார். டீச்சரே என்றுதான் என்னைக் கூப்பிடுவார். புழுக்கம் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அவர் அறைக்கு மட்டும் ஏசி வைத்தோம். வீட்டில் வேறு எங்கும் கிடையாது.

அவருக்கு வயதான காலத்தில் பிறந்த ஒரே மகள். என் வீட்டுக்காரருக்குத் தங்கை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மைனி மைனி என்று என் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு அலைவாள். நான் பெற்றது இரண்டும் ஆண்பிள்ளைகள், ஆகவே அவள்தான் எனக்குப் பெண்பிள்ளை. படித்து, ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்து, வருகிற ஜாதகமெல்லாம் தட்டிப்போய், முப்பது தாண்டிய பிறகு ஒரு இடம் அமைந்தது. தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் கடை வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, லீவு கொஞ்சம். அந்தத் தேதியை விட்டால் மறுபடியும் எப்போது வருவான் என்று தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் வீடு முழுக்க ஆட்கள். வெளியே பந்தலில் காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோவாளையில் இருந்து மாலைகளும் பிச்சிப்பூக் கூடைகளும் வந்து இறங்கின. பூ வாடாமல் இருக்கணுமே, எங்கே வைக்க? ஏசி இருக்கிற மாமாவின் அறையில்தான். கட்டிலைச் சுற்றிக் கூடைகளை அடுக்கினார்கள். பூக்காரர் குளிரை இன்னும் கூட்டி வைக்கச் சொன்னார். விளக்கு வைத்த பிறகு நான் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தபோது, “குளிருது டீச்சரே” என்றார். ஒரு ராத்திரிதானே மாமா, பூவுக்காக என்று சொல்லி இன்னொரு போர்வையை எடுத்துப் போட்டேன்.

விடிந்து காப்பி கொண்டுபோனேன். மாமா போயிருந்தார். கூப்பிட்டுப் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், கை விறைத்திருந்தது. வாய்விட்டு அலறியிருப்பேன். பந்தலில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்டது, அதுதான் என் வாயை அடைத்தது. வெளியே வந்து என் வீட்டுக்காரரை மட்டும் கூப்பிட்டேன். அவர் போய்த் தன் சித்தப்பாவைக் கூட்டிவந்தார்.

சின்ன மாமா என்று நான் கூப்பிடுகிற அந்த மனுஷரைப் பற்றிச் சொல்லணும். மாமாவின் தம்பி. ஊரில் கல்யாணமோ கருமாதியோ, அவர் முன்னே நிற்காமல் நடக்காது. கெட்டவர் இல்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்தி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

இப்போது சொன்னால் சாவுத்துட்டி, கல்யாணம் நின்றுபோகும், வருஷம் திரும்பித் தலைதிவசம் கழியும் வரை ஒன்றும் நடக்காது, அதற்குள் அவர்கள் வேறு பெண்ணைப் பார்த்துவிடுவார்கள், இவளை ராசியில்லாதவள் என்று ஊரெல்லாம் சொல்லும், அப்புறம் எவன் வருவான் என்று மளமளவென்று சொன்னார். தாலி ஏறி அவள் அந்த வீட்டில் விளக்கெடுத்துக் கால் வைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்று சும்மாவா சொன்னார்கள். நம்ம பக்கம் எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது, அறியாத தீட்டு தீட்டில்லை என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். இவர் தலையை ஆட்டினார். அவளுக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் நான் வருஷா வருஷம் வகுப்பில் சொன்னதுதான். நோயாளியோடு ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கஞ்சி கொண்டுபோ, நாலு பேர் பார்க்கட்டும் என்றார் சின்ன மாமா. பயறுத் துவையலும் கஞ்சியுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு பெண்டுகள் கூட்டத்துக்கு நடுவில் நடந்து உள்ளே போனேன். பாவம், கல்யாண நாளிலும் இவளுக்கு ஓய்வில்லை என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பேரரசரின் வண்டிக்குள் போன சாப்பாட்டை உள்ளே இருந்தவன் என்ன செய்தான் என்று நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை. நான் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். எச்சில் தட்டுப் போலத் தெரியட்டும் என்று துவையலைக் கொஞ்சம் தட்டில் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். பார்க்க வந்தவர்களிடம், பூ இருக்கிறது, கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று சொன்னோம். எல்லாரும் சரி என்று போனார்கள். பேரரசருக்குக் கருவாடு என்றால் எங்கள் மாமாவுக்குப் பிச்சிப்பூ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சும்மா. மறைக்கலாம்.

மண்டபத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் சின்ன மாமா மாலைகளை எடுக்க வந்தார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இதையா அவள் கழுத்தில் போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். இப்போ வேறு மாலைக்கு எங்கே போக, பூவுக்குத் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே மாலைக்கூடையைத் தூக்கினார். கட்டில் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கூடையோடு அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினபோது அவள் வந்துவிட்டாள். வளையல் சத்தம் கேட்டது. நான் கதவுக்கு இந்தப் பக்கம், பிணத்தோடு.

அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். இப்போதுதான் கண்ணை அடைத்தார், உன்னைப் பார்த்தால் அழுவார், பிரஷர் ஏறும் என்றார் சின்ன மாமா. ஒரே ஒரு நிமிஷம் சித்தப்பா என்று அவள் கெஞ்சினாள். கதவின் பிடி அசைந்தது. அப்போது அவர் சொன்னார்.

“அப்பா எங்கிட்ட பேசினாரு மக்கா. இனி அதுதான் அவளுக்கு வீடு, என்ன வந்தாலும் அங்கேயே நிக்கணும், கண்ணக் கசக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிக்கப்பிடாது, எனக்க மகட்ட சொல்லுன்னாரு.”

பிடி அசைவது நின்றது. அவள் கதவில் நெற்றியை வைத்திருக்கவேண்டும், நெற்றிச்சுட்டி மரத்தில் உரசியது. சரி அப்பா, போயிட்டு வாறேன் என்று கதவிடம் சொன்னாள். நான் சேலையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் அவரை எனக்கு வெட்டிப்போடணும் போல இருந்தது. அவளை வாசலில் இருந்து கிளப்புவதற்காகச் சொன்னார், எனக்கு அது தெரியும். எல்லா வீட்டிலும் பெண்ணை அனுப்பும்போது சொல்கிற வார்த்தைதான். ஆனால் செத்தவர் பேரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

முகூர்த்தத்தை யாரோ போனில் நேரலையாக அனுப்பினார்கள். சின்ன மாமாவும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள். அறியாத தீட்டு தீட்டில்லை என்றவருக்குத் தெரிந்த தீட்டு அது. அவள் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் நான் போனை மாமாவின் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதைப் பார்க்கத்தானே அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

சாயங்காலம் அவள் அந்த வீட்டில் கால் வைத்ததும் போன் போனது. கல்யாணச் சேலையோடு ஓடி வந்தாள். காலைப் பிடித்துப் பார்த்து, ஏன் இவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று கேட்டாள். ஏசியில் கிடந்தாருல்லா என்றார் சின்ன மாமா. மத்தியானம்தான் உயிர் போயிற்று என்று ஊருக்குச் சொன்னோம். அவள் வந்தவர்களின் கையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள், காலையில்கூடப் பேசினாரே, எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினாரே என்று. புண்ணியவான், மகள் கழுத்தில் தாலி ஏறும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தாரே என்று பெண்டுகள் மூக்கைச் சிந்தினார்கள். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குள் அந்த வார்த்தை ஊரெல்லாம் மாமாவின் வார்த்தையாக ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார்களாம். அவர்களுக்கு என்ன, வசதிதானே.

மாப்பிள்ளை லீவு முடிந்து போனான், வேலை போய்த் திரும்பி வந்தான். கடையில் அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. குடி. மருந்துக்கடை வேலைக்கு அவளைப் போகவிடவில்லை. மாமாவின் தலைதிவசத்துக்கு வந்தபோது முழங்கைக்கு மேலே ஒரு தீப்புண் இருந்தது. தோசைக்கல் பட்டது என்றாள். தோசைக்கல் அந்த இடத்தில் எப்படிப் படும்? நானும் தினமும் தோசை சுடுகிறவள்தான். அடுக்களையில் தனியாக இழுத்து வைத்துக் கேட்டேன், உண்மையைச் சொல்லு, யாரு செய்தது என்று. அவள் சட்னி அரைத்துக்கொண்டே இருந்தாள். இங்கேயே இரு, போகவேண்டாம் என்றேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பாதான் சொல்லியாச்சே மைனி. பொறவு யாருகிட்ட கேக்க?”

வடக்கு எல்லையில் நின்ற அந்தப் பையன் சொன்னதேதான். அவள் என் வகுப்பில் படித்தவள் இல்லை, அந்தக் கதை அவளுக்குத் தெரியாது.

அவள் கிளம்பிப் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். இவருக்கும் தங்கை மேல் உயிர்தான், ஆனால் சித்தப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை வராது. சொன்னால் அவள் தாங்குவாளா, பிணத்தோடு கிடந்த மாலையைப் போட்டுத் தாலி கட்டினோம் என்று தெரிந்தால் அந்தத் தாலி மேலேயே வெறுப்பு வந்துவிடாதா, அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் அது ஒன்று போதாதா அவர்களுக்கு என்றார். சின்ன மாமா அதற்கு மேலே. எல்லா வீட்டிலும் உள்ளதுதான், பிள்ளை ஒன்று பிறந்தால் சரியாகும், நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறதை அங்கேயே வைத்துக்கொள் என்றார். நானும் சில மாசம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சொன்னால் அவள் உடைந்துபோவாளோ என்று பயம் எனக்கும் இருந்தது. போன் பண்ணினால் நல்லா இருக்கேன் மைனி என்பாள், குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே போயிற்று. போனமாசம் ஒரு நாள், பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஏதோ உடைகிற சத்தம். வைக்கிறேன் மைனி என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே பாடம். இந்த எழவுப் பாடம் அன்றைக்குத்தானா வரவேண்டும்? கதையைச் சொல்லாமல் பத்தியை வாசித்து விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அண்ணன் அக்காமார் வழியாகக் கேள்விப்பட்ட பிள்ளைகள், கருவாட்டுக் கதை சொல்லுங்க டீச்சர் என்று கத்தினார்கள். சொன்னேன். வழக்கம்போலச் சிரிப்பு. வாளையா சாளையா. “சிரிப்பா இருக்கா ஒங்களுக்கு” என்று மேசையில் அடித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் நான் கோபப்பட்டதே இல்லை. பிறகு மூத்த மகன் கதைக்கு வந்தேன். தளபதி சொன்னார், கேட்டுப் பாருங்கள் என்றார், ஆனால் அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது, சந்தேகம்தான். நிச்சயமாகத் தெரிந்தவர்கள் கருவாட்டு வண்டியோடு வந்துகொண்டிருந்த ஆட்கள் மட்டும்தான், அவர்களில் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை எடுத்து வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியரிடம் அரை நாள் லீவு சொல்லி, மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் நினைத்ததெல்லாம் சீனாக்காரனைப் பற்றித்தான், அப்படியாவது மனசு ஓரிடத்தில் நிற்கட்டுமே என்று. பின்னால் வந்த டாங் வம்சத்தில் சட்டமே எழுதி வைத்தார்கள், அப்பா அம்மா செத்ததை மறைத்துத் துக்கம் காக்காமல் இருக்கிறவனை நாடு கடத்தணும் என்று. எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் பதவியை விட்டுவிட்டு ஊருக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் துக்கம் இருக்கணும். பதவி போய்விடுமே என்று சாவை ஒளித்தவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் எதற்குச் சட்டம்? ஆனால் செத்தவன் பேரில் பேசின பேச்சை நம்பி ஒருத்தி நரகத்தில் கிடந்தால் அதற்கு யாரை எங்கே கடத்த?

அவள் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மாமியார் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து ஒரு தலையசைப்போடு சரி. மாப்பிள்ளை வீட்டில் இல்லை. இடது கன்னம் வீங்கியிருந்ததை மறைக்க அவள் முடியை முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது. காப்பி கொண்டுபோனதில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கை விறைத்திருந்தது, கஞ்சியைக் கொட்டியது, கதவுக்கு உள்ளே நான் நின்றது, சித்தப்பா சொன்னதெல்லாம் சித்தப்பா சொன்னது.

முதலில், “எனக்க மாலை?” என்றாள்.

ஆமா என்றேன். கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் போன பிறகும் பிழிந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்போ அப்பா எனக்கு ஒண்ணுமே சொல்லல்லியா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நான் அவள் கையில் இருந்த விலங்கை அறுக்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்பாவிடம் இருந்து மிச்சம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டு நிற்கிறேன். நல்லதாக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. அவள் சாப்பிட்டாளா என்று கேட்டார், அவளை நல்லா வச்சுக்கோ என்றார், இப்படி எத்தனை வேண்டுமானாலும் வரும். அவர் பேச்சு எனக்கு மட்டும்தானே புரியும், யார் இல்லை என்று சொல்ல? ஆனால் அது இன்னொரு ஆணை.

“முந்தின நாள் சாயங்காலம் குளிருதுன்னாரு மக்கா. போர்வை போட்டேன். அவ்வளவுதான்.”

அவள் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வராமல் வெகு நேரம் அழுதாள். கல்யாணத்தன்று அழவேண்டிய அழுகை அது. நானும் ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மேல் அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், அன்றைக்கு அது வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். நீங்க போங்க மைனி என்றாள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது, அவசரப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். பிறகு சித்தப்பாவுக்குப் போன் பண்ணி அவரே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன மாமா என்னைக் கேள்வி கேட்க வந்தார். செத்துப்போன அண்ணனின் பேரைக் கெடுத்துவிட்டாய், குடும்பத்தின் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய் என்று வாசலில் நின்றே சத்தம் போட்டார். நானும் விடவில்லை. அண்ணன் பேரில் பொய் சொன்னது நீங்களா நானா என்று கேட்டேன். எங்கள் இரண்டு பேரின் சத்தத்தில் ஆட்டோ வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

அவள் இறங்கினாள். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை. கன்னத்தை மறைக்கவில்லை, முடியை இழுத்துக் கொண்டையாகப் போட்டிருந்தாள். சின்ன மாமா நடுவாசலில் நின்றார். அவர் கண் அவள் கன்னத்தில் போய் நின்றது. இருந்தாலும் கேட்டார், என்ன மக்கா இது, அப்பா என்ன சொல்லி அனுப்பினாரு என்று.

“அப்பா ஒண்ணும் சொல்லல்ல சித்தப்பா. குளிருதுன்னு மட்டுந்தான் சொன்னாரு.”

சின்ன மாமா துண்டை எடுத்து வாயைப் பொத்தினார். பிறகு வாசலை விட்டு விலகி நின்றார்.